58-உம் 2.1-உம்

லேபுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலிகள். பெரிய மாமா கைலியை இழுத்துச் சொருகிக்கொண்டு, மேசைமேல் சும்மா வைத்திருக்கும் பிளாஸ்க்கிலிருந்து வெறும் டீயை ஊற்றி ஊற்றிக் குடித்தார். சின்ன மாமா கையில் இரண்டு காகிதம். ஒன்று ஆறு வாரம் முந்தியது, மற்றது அன்றைக்கு வாங்கியது. இரண்டும் பெரிய மாமாவின் ரத்தப் பரிசோதனை. இரண்டிலும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் வரிக்கு நேரே ஓர் எண். பழையதில் 58. புதியதில் 2.1.

"58 இருந்தது ஆறே வாரத்துல 2.1 ஆயிருச்சு. என்னம்மா பாப்பா, டீ குடிச்சிட்டு உட்காந்திருக்க?" என்று சின்ன மாமா போட்ட சத்தத்தில், உதட்டைக் குவித்து டீப் பையனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பக்கத்து மேசைக்காரர் சத்தத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

எண்ணுக்குப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில் ஒன்று இருக்கும், அளவின் பெயர். பழைய லேப் நானோமோல் கணக்கில் எழுதியிருந்தது, லிட்டருக்கு இத்தனை என்று. புதிய லேப் மைக்ரோகிராம் கணக்கு, டெசிலிட்டருக்கு இத்தனை என்று. கார்ட்டிசாலைப் பொறுத்தவரை டெசிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்பது லிட்டருக்கு 27.6 நானோமோல். கைப்பேசியில் 2.1 போட்டு 27.6-ஆல் பெருக்கிக் காட்டினேன். 57.96. இரண்டும் ஒரே எண். மைலில் சொன்னதைக் கிலோமீட்டரில் சொன்னதற்கு இவ்வளவு கூச்சல். சின்ன மாமா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நல்லதா கெட்டதா?" என்றார். அதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் அந்தக் காகிதம் இரண்டிலும் இல்லை.

நான் டாக்டர் இல்லை. பர்மாவில், யாங்கோன் நகரத்தில் ஒரு மருந்து மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவள். மருந்துகளின் பெயர் தெரியும், எந்த மாதம் எது எத்தனை பெட்டி போகும் என்று தெரியும். உடம்புக்குள் அவை என்ன செய்கின்றன என்பதைப் பெரிய மாமாவுக்காகத்தான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மாமாவுக்குப் பெகு பக்கம் நெல் விவசாயம். வயது 53. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் மெதுவாகத்தான் நடப்பார். மார்கழிக் குளிர் இல்லாத சித்திரையிலும் துண்டைப் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பார். முகத்தில் ஒரு முடி கிடையாது. ஊரில் அவருக்குச் 'சோம்பேறிச் செட்டி' என்று பட்டப்பெயர். செட்டியாரும் இல்லை, சோம்பேறியும் இல்லை. ஆனால் பட்டப்பெயர் என்பது அப்படித்தானே ஒட்டிக்கொள்கிறது.

போன வருஷம் அசதி ரொம்ப அதிகமாகி, பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். தைராய்டு சுரப்பு குறைவு என்று சொல்லி தைராக்ஸின் மாத்திரை கொடுத்தார்கள். குறைவு என்றது உண்மைதான். மாத்திரை ஆரம்பித்துப் பத்துப் பன்னிரண்டு நாளில், வயிற்றுப்போக்கோடு ஒரு காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் வரப்பில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது ரத்த அழுத்தம் கைக்கே அகப்படவில்லையாம். ரத்தத்தில் சோடியம் 118. சாதாரணமாக 135-க்குக் கீழே போகக்கூடாது. சலைன் ஏற்றிக்கொண்டே யாரோ ஒரு டாக்டர், அவர் பேர்கூட எங்களுக்குத் தெரியாது, ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போட்டிருக்கிறார். மறுநாள் காலையில் மாமா எழுந்து உட்கார்ந்து மொகிங்கா, மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், கேட்டாராம். அத்தை அதை இப்போதும் சாமி வந்து இறங்கின கதை மாதிரித்தான் சொல்வார்.

அந்த ஊசி என்னவென்று பார்த்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். ஹைட்ரோகார்ட்டிசோன் என்பது வேறொன்றுமில்லை, கார்ட்டிசாலேதான். சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலைமேலும் நாலைந்து கிராம் எடையில் ஒரு சுரப்பி குந்தியிருக்கிறது, அட்ரினல். அதன் மேல்தோல் பகுதி மூன்று அடுக்கு. வெளி அடுக்கு ஆல்டோஸ்டீரோன் சுரக்கும், அது உப்புக் கணக்குப்பிள்ளை. நடு அடுக்கு கார்ட்டிசால். உள்ளடுக்கு ஆண்மை இயக்குநீரின் மூலப்பொருள்கள். அதற்கும் உள்ளே, நடுக்கருவில், பயந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ள வைக்கும் அட்ரினலின். கார்ட்டிசாலுக்கு 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' என்று கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அது இல்லாவிட்டால் ஒரு சாதாரணக் காய்ச்சலைக்கூட உடம்பால் தாங்க முடியாது. ரத்த அழுத்தம் விழும், சர்க்கரை விழும், ஆளும் விழுவார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு யாங்கோனுக்குக் கூட்டிவந்து எடுத்ததுதான் அந்த 58. பெகுவிலிருந்து 50 மைல். காலை பஸ் ஏறி, இடையில் டயர் பஞ்சராகி, லேபில் வரிசையில் நின்று, ரத்தம் எடுக்கும்போது மணி மூன்று. லேப்காரர் ஊசியைக் குத்தினார், காசை வாங்கினார். எத்தனை மணிக்கு எடுத்தது என்று காகிதத்தில் எங்கும் குறிக்கவில்லை. பக்கத்தில் அச்சடித்திருந்த எல்லையோ காலை நேரத்துக்கானது.

கார்ட்டிசாலுக்கு நேரம்தான் எல்லாம். நாம் கண் விழிக்கிற வேளையில் அது உச்சத்தில் இருக்கும். பகல் முழுக்க இறங்கிக்கொண்டே வரும். நள்ளிரவில் தரை தட்டும். பின்னிரவில் மறுபடி ஏறத் தொடங்கும். அதனால்தான் காலை எட்டு மணியைச் சுற்றி எடுக்கச் சொல்கிறார்கள். பொதுவாகக் காலையில் 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை இருக்கும், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். மூன்றுக்குக் கீழே என்றால் பற்றாக்குறை என்று அநேகமாகத் துணிந்து சொல்லலாம். 15, 18-க்கு மேல் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. இரண்டுக்கும் நடுவில் விழுந்தால்தான் குழப்பம். அப்போது ஒரு தூண்டல் பரிசோதனை. ஏ.சி.டி.எச். என்கிற, அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனைச் செயற்கையாகச் செய்து 250 மைக்ரோகிராம் ஊசியாகப் போட்டு, அரை மணியிலும் ஒரு மணியிலும் ரத்தம் எடுப்பார்கள். சாட்டையடித்தால் மாடு ஓடுகிறதா என்று பார்க்கிற மாதிரி. 18-ஐத் தாண்டினால் சுரப்பி நன்றாயிருக்கிறது என்பது பழைய கணக்கு. இப்போதைய நுட்பமான முறைகளில் அந்தக் கோட்டை 14, 15 வரை இறக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு அந்த ஊசி அப்போது கிடைக்கவில்லை. தேவையும் படவில்லை.

இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இந்தக் காலைக் கணக்கே செல்லாது. அவர்கள் உடம்புக்கு எது காலை என்று முதலில் கேட்க வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எண் பொய்யாக ஏறித் தெரியும். ரத்தத்தில் ஓடும் கார்ட்டிசாலில் பெரும்பகுதி ஒரு புரதத்தின் முதுகில்தான் சவாரி செய்கிறது. ஈஸ்ட்ரோஜன் அந்தப் புரதத்தைக் கூட்டிவிடும். வண்டி அதிகம், வேலை செய்கிற ஆள் அதே அளவு.

இப்போது எங்கள் நாட்டுச் சமாச்சாரத்துக்கு வருகிறேன். கிராமத்துப் பெட்டிக்கடையில் 'செசாட்' என்று ஒன்று விற்பார்கள். கலவை மருந்து. சின்னப் பிளாஸ்டிக் பொட்டலத்தில் நாலைந்து மாத்திரை: ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை, ஒன்று ரோஸ். இடுப்பு வலி என்றால் ஒரு பொட்டலம், நடவு முடிந்து உடம்பு வலி என்றால் ஒரு பொட்டலம். மாமாவின் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு கிடக்கும். அதிலிருந்த சின்ன வெள்ளை மாத்திரையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. டெக்ஸாமெத்தசோன். எங்கள் கணக்குப் புத்தகத்தில் அதிகம் நகர்கிற சரக்குகளில் ஒன்று. சாப்பிட்ட அன்றைக்கு ஆள் புலி மாதிரி வேலை செய்வார். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

அது ஸ்டீராய்டு, கார்ட்டிசாலின் வேலையைச் செய்கிற செயற்கை மருந்து. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி 'போதும், சரக்கு வருகிறது' என்று ஏ.சி.டி.எச். அனுப்புவதை நிறுத்திவிடும். அட்ரினல் வேலையில்லாமல் சுருங்கிப் படுத்துவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் எழுந்திருக்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். பரிசோதனையில் இன்னொரு சூதும் உண்டு. பிரெட்னிசலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டைச் சாப்பிட்டிருந்தால் பல லேப் முறைகள் அதையும் கார்ட்டிசால் என்றே எண்ணிவிடும், எண் பொய்யாக ஏறும். டெக்ஸாமெத்தசோனை அவை கண்டுகொள்ளாது, ஆனால் உள்ளே சொந்தச் சுரப்பு அணைந்திருப்பதால் எண் விழுந்து கிடக்கும். ஒரு மாத்திரை ஏற்றிக் காட்டும், இன்னொன்று இறக்கிக் காட்டும். எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் மாமா, "மருந்தா? ஒண்ணும் இல்லையே" என்பார். செசாட்டை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வெற்றிலை பாக்கு மாதிரி அது.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். பொட்டலம்தான் குற்றவாளி, கதை முடிந்தது என்று. யாங்கோனில் இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் சின்ன வயசுப் பர்மியப் பெண். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து காய்ந்து திட்டாக இருந்தது. நான் எடுத்துப்போன பொட்டலத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மாமாவின் தாடையைத் தடவிப் பார்த்தார். அக்குளைப் பார்த்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளங்கை ரேகைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மாமாவைப் பார்த்து, "ஊலே, எப்பவாவது பாம்பு கடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமா ஒன்றும் பேசாமல் கைலியைச் சற்றே தூக்கி இடது கணுக்காலைக் காட்டினார். சுருங்கிய ஒரு வடு.

1994, நெல் அறுப்பு. வெறுங்காலோடு கதிர் அரிந்துகொண்டிருந்தபோது கண்ணாடி விரியன். பர்மிய மொழியில் 'ம்வேப்வே'. அப்போது மாமாவுக்கு 23. மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைப் பாட்டி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். "கண்ணாடிக் குழாயில ரத்தத்தைப் புடிச்சு நிறுத்தி வச்சான். இருபது நிமிஷம் கழிச்சுச் சாய்ச்சா தண்ணியாட்டம் ஓடுது." விரியன் விஷம் ரத்தம் உறைவதற்கான சரக்கையெல்லாம் எரித்துத் தீர்த்துவிடும். அதைக் கண்டுபிடிக்க இன்றைக்கும் அந்தக் குழாய்தான். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். நாலு நாள் சிறுநீர் வரவில்லை. பிறகு வந்தது. பிழைத்துவிட்டார், மறுபிறவி என்று கோயிலில் பொங்கல் வைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அத்தையைக் கட்டிவைத்தார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை யாரும் அவருடைய அசதியோடு சேர்த்து யோசிக்கவில்லை.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். பிட்யூட்டரி ஒரு பட்டாணி அளவு. மண்டையோட்டின் அடியில் ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி விரியன் விஷத்தால் நுண்ணிய ரத்தக் குழாய்களில் கட்டி அடைப்பதும், அதே சமயம் எங்கெங்கோ கசிவதும் நடக்கும். அந்தப் பட்டாணிக்குள்ளும் நடக்கலாம். நடந்தால் அது செத்துச் சுருங்கிவிடும். பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போன சில தாய்மார்களுக்கு வருகிற ஷீஹான் நோய் மாதிரியேதான். பர்மாவில் விரியன் கடித்தவர்களிடம் இதைக் கண்டு, 1987-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். பர்மிய டாக்டர்களும் வெளிநாட்டு டாக்டர்களும் சேர்ந்து எழுதியது. மாமாவைப் பாம்பு கடிப்பதற்கு ஏழு வருஷம் முன்பு. ஆனால் லான்செட் பெகு வயல் வரப்புக்கு எப்போது வந்து சேரும்?

உள்ளங்கையை ஏன் பார்த்தார் என்று கேட்டேன். அட்ரினல் சுரப்பியே கெட்டுப்போனால் பிட்யூட்டரி விடாமல் ஏ.சி.டி.எச்.-ஐ ஊற்றிக்கொண்டே இருக்கும். அது கூடினால் தோல் கறுக்கும். கை ரேகை, ஈறு, பழைய தழும்பு எல்லாம் மை தீட்டின மாதிரி ஆகும். லண்டனில் தாமஸ் அடிசன் 1855-இல் எழுதிவைத்த நோய் அது. அன்றைக்கு அதற்குப் பெரிய காரணம் காசநோய். காசம் இன்னும் ஒழியாத எங்கள் ஊர்களில் இன்றைக்கும் அதை முதலில் சந்தேகப்பட வேண்டும். அதில் ஆல்டோஸ்டீரோனும் போய்விடுவதால் பொட்டாசியம் ஏறும், உப்புக்கு நாக்கு அலையும். மாமாவின் உள்ளங்கை கறுக்கவில்லை, மாறாக வெளிறியிருந்தது. பொட்டாசியம் சரியாக இருந்தது. ஆல்டோஸ்டீரோன் பிட்யூட்டரியின் பேச்சைக் கேட்பதைவிட சிறுநீரகத்தின் பேச்சைத்தான் அதிகம் கேட்கும், அதனால் தப்பித்துவிட்டது. சுரப்பி நன்றாயிருக்கிறது, மேலேயிருந்து உத்தரவு வரவில்லை.

ஆனால் பொட்டலத்தாலும் இதே மாதிரி ஆகுமே? அங்கேதான் அந்தப் பெண் எனக்குப் பிடித்துப்போனார். "ஆகும். அதனால மத்ததையும் பாக்கணும்" என்றார். செசாட்டை அன்றைக்கே நிறுத்தி, அதற்குப் பதில் ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்தார். சில வாரம் கழித்து, முந்தின நாள் மதியத்தோடு அதையும் நிறுத்தி, மறுநாள் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். எடுத்து முடித்த நிமிஷமே மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டும். இதை யாரும் தன்னிஷ்டத்துக்குச் செய்து பார்க்கக்கூடாது, அப்படி நிறுத்தினதில் ஆள் போயிருக்கிறார்கள் என்று இரண்டு முறை சொன்னார். இந்தத் தடவை மாமா தாம்வேயில் எங்கள் வீட்டிலேயே இரவு தங்கினார்.

அந்தக் காலையை மறக்க முடியாது. ஏ.சி.டி.எச்.-ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். அது குழாய்க்குள்ளேயே சிதைந்துபோகிற சரக்கு. ஊதா மூடிக் குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து, உடனே சுழற்றிப் பிரிக்க வேண்டும். இதற்கு முன் இன்னொரு லேபில் எடுத்தபோது குழாய் மேசைமேல் ஒரு மணி நேரம் வெயில் காய்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த முடிவைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டார் டாக்டர். எடுத்து வைக்கத் தெரியாமல் போனாலும் எண் குறைவாகத்தான் வரும், உண்மையிலேயே குறைந்திருந்தாலும் குறைவாகத்தான் வரும். இந்தத் தடவை நான் வீட்டிலிருந்தே தெர்மாஸில் ஐஸ் கொண்டுபோனேன். லேப் பையன் சிரித்தான். சிரிக்கட்டும்.

கார்ட்டிசால் 2.1. இன்றைய காலை எட்டு மணிக்கும், ஆறு வாரம் முந்திய அந்த மாலை மூன்று மணிக்கும் ஒரே எண். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, மணி ஓடாத கடிகாரம். ஏ.சி.டி.எச். அடிமட்டத்தில். தைராக்ஸின் குறைந்திருந்தும், அதைச் சுரக்கச் சொல்லிப் பிட்யூட்டரி அனுப்புகிற டி.எஸ்.எச். ஏறவில்லை. ஆண்மை இயக்குநீரான டெஸ்டோஸ்டீரோன் இல்லாத குறை, அதை ஏவுகிற எல்.எச்., விந்தணுவை ஏவுகிற எஃப்.எஸ்.எச்., பிட்யூட்டரியின் அந்த இரண்டும் கூடவே படுத்துக் கிடந்தன. பொட்டலம் மட்டும் காரணம் என்றால் இத்தனையும் சேர்ந்து இந்த அளவுக்கு அணையாது, அதுவும் 28 வயதிலேயே தாடி உதிராது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பிட்யூட்டரி இருக்க வேண்டிய குழி கிட்டத்தட்டக் காலி.

வரப்பில் சாய்ந்ததற்கும் விடை கிடைத்தது. கார்ட்டிசால் இல்லாத உடம்பில் முதலில் தைராக்ஸினை ஊற்றினால், அது வண்டியை வேகமாக ஓட்டி, இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்ட்டிசாலையும் கரைத்துவிடும். இரண்டும் குறைவு என்றால் முதலில் கார்ட்டிசால், பிறகுதான் தைராய்டு. அந்த வரிசை தலைகீழானதில் அன்றைக்கு ஆளே போயிருப்பார். அந்தக் கிளினிக்கின்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். டி.எஸ்.எச். ஏன் ஏறவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

ஃபேஸ்புக்கில் 'அட்ரினல் களைப்பு' என்று சொல்லி எச்சில் பரிசோதனையும் சத்துப் பொடியும் விற்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்படி ஒரு நோயை ஹார்மோன் மருத்துவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. நிஜமாகவே அட்ரினல் வேலை செய்யாதவர் பொடி கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தால் ஒரு வயிற்றுப்போக்கு போதும்.

மாமா இப்போது காலை எழுந்ததும் ஹைட்ரோகார்ட்டிசோன் 10 மில்லிகிராம், மதியம் 5, சாயங்காலத்துக்குள் இன்னொரு 5. தைராக்ஸின் பிறகு சேர்த்தார்கள். காய்ச்சல் என்றால் ஹைட்ரோகார்ட்டிசோன் மட்டும் இரண்டு மடங்கு, வாந்தி எடுத்து மாத்திரை நிற்கவில்லை என்றால் ஊசி. பொருள் கிடைக்காத மாதத்தில் டாக்டரைக் கேட்டு பிரெட்னிசலோனுக்கு மாற்றிக்கொள்கிறோம். சட்டைப்பையில் செசாட் இருந்த இடத்தில் இப்போது அவர் நோயும் மருந்தும் எழுதிய ஒரு அட்டை, பர்மியிலும் ஆங்கிலத்திலும். நடவுக்கு அவரே நாற்றுக் கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினார் என்று சின்ன மாமா போனில் சொன்னார். சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இருந்தது. பட்டப்பெயரை வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

முடிவுகளை வாங்கிக்கொண்டு வந்த அன்று இரவு அத்தை எங்கள் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். 27 வருஷத்தில் தீ மிதித்திருக்கிறார் மூன்று தடவை. சிரியம் பக்கம் ஒரு முனீஸ்வரனுக்குத் தொட்டில் கட்டியிருக்கிறார். ஊரில் அவரைக் கல்யாண வீட்டில் முன்னால் நிற்க விடமாட்டார்கள்.

"பாப்பா, அந்தப் பேப்பர்ல அது எழுதியிருக்கா?"

"எது அத்தை?"

"பிள்ளை இல்லாதது எதனாலன்னு."

எழுதியிருக்கவில்லை. அதில் எல்.எச். என்றும் எஃப்.எஸ்.எச். என்றும் எண்கள்தான் இருந்தன. அதைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் பூண்டுத் தோலை ஊதினார்.

அடுத்த வாரம் டாக்டரிடம் போனபோது கேட்டேன். அவர் கடிதத்தாளில் பர்மிய எழுத்தில் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். 1994-இல் ம்வேப்வே கடித்ததில் பிட்யூட்டரி பாதிக்கப்பட்டிருக்கிறது, குழந்தை இல்லாததற்கு அதுவே காரணமாக இருக்க முடியும் என்று. அத்தைக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், பர்மியம் நன்றாக வரும். விரலை வைத்துக்கொண்டு வாசித்தார். ம்வேப்வே என்ற இடத்தில் விரல் நின்றது.

தெரு முனையில் ஜெராக்ஸ் கடை இருந்தது. நாலு காப்பி எடுக்கச் சொன்னார். யார் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் தனியாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "இது உன் பாட்டிக்கு" என்றார்.